மாப்ள வளர்க்கும் பாம்பு

மார்கழி மாசம், ராத்திரி ஒன்பதரை மணி இருக்கும். சம்பா கதிர் வாங்குற நேரம், எலித் தொல்லை தாங்கல. வயலில் கிட்டி வைத்துவிட்டு வந்து அப்போதுதான் காலைக் கழுவினேன். சென்னையிலிருந்து அக்கா மகன் போன்.

"மாமா, நம்ம வயல்ல நாலு எலி உயிரோட பிடிச்சு பஸ்ல போட்டு விடுவீங்களா?"

துருவிக் கேட்டால், பையன் ஆறு மாசமாகப் பாம்பு வளர்க்கிறானாம். அக்காவுக்கே தெரியாது.

"என்ன பாம்பு மாப்ள?"

"பால் பைதான் மாமா."

"பாம்பு பால் குடிக்காதுன்னு நான் ஊருக்கே சொல்லிட்டு இருக்கேன். நீ பால் பாம்பு வளக்குறியா?"

சிரித்துவிட்டு விளக்கினான். பால் என்றால் இங்கே பந்து. பயந்தால் தலையை உள்ளே வைத்துப் பந்து மாதிரி சுருண்டுகொள்ளுமாம். மேற்கு ஆப்பிரிக்கா பக்கத்து மலைப்பாம்பு, விஷம் கிடையாது. நம்ம நாட்டுப் பாம்பை வீட்டில் வைத்திருந்தால் 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். இது வெளிநாட்டு இனம், முறைப்படி பதிவு செய்துதான் வைத்திருக்கிறேன் என்றான்.

"அஞ்சு வாரமா ஒண்ணும் திங்கல மாமா. செத்துடுமோ?" குரல் உடைந்துவிட்டது.

எனக்கு மலைப்பாம்பு தெரியாது, சாரை தெரியும். எங்கள் வைக்கோல் போரில் ஒரு சாரை பல வருசம் இருந்தது. மார்கழிப் பனியில் நாள் கணக்கில் வெளியே வராது, வெயில் ஏறினால்தான் வரப்பில் வந்து கிடக்கும். சட்டை உரிக்கும் முன் கண் புகை படிந்த மாதிரி ஆகிவிடும். அப்போது எலி பக்கத்தில் ஓடினாலும் திரும்பிப் பார்க்காது.

அதை வைத்துத்தான் கேட்டேன். "கண்ணு எப்படி இருக்கு? அதுக்கு வெயில் எங்கேருந்து வருது? ஒரு நாளைக்கு எத்தனை தடவை கையில எடுக்குற?"

கண் கொஞ்சம் மங்கல். பாம்புப் பெட்டி இருப்பது இவன் படுக்கும் ஏசி அறையில். வருகிற நண்பர்களுக்கெல்லாம் கையில் எடுத்துக் காட்டியிருக்கிறான். குளிரும் பயமுமாகக் கிடந்தால் எந்த ஜீவன் திங்கும்?

எலி மட்டும் அனுப்ப மாட்டேன் என்றேன். காரணம் உண்டு. மூணு வருசம் முன்னால் எலி தாங்காமல் வரப்பெல்லாம் விஷக் கேக் வைத்தேன். எலி குறைந்தது. அடுத்த வாரம் அந்தச் சாரை வாய்க்கால் ஓரம் செத்துக் கிடந்தது. விஷம் தின்ற எலியைத் தின்றுதான் செத்தது என்று சத்தியம் பண்ண முடியாது. ஆனால் மனசு கேட்கவில்லை. அன்றோடு கேக்கை விட்டேன், இப்போது கிட்டி மட்டும்தான். நான் விட்டாலும் பக்கத்து வயல்காரர்கள் வைக்கிறார்கள். என் கிட்டியில் விழும் எலி எங்கே என்ன தின்றதோ? விஷம் இல்லாவிட்டாலும் வயல் எலிக்குள் புழு, பூச்சி, நோய் எல்லாம் இருக்கும்.

"நாளைக்கே ஊர்வன பாக்குற கால்நடை டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போ" என்றேன். போனான். டாக்டர் சொன்னதை எனக்கும் சொன்னான். பெட்டியில் ஒரு பக்கம் 32 டிகிரி, மறுபக்கம் 26 டிகிரி வேண்டும். இரை பாம்பின் உடம்பில் தடித்த இடத்தின் அளவுக்கு இருந்தால் போதும். உயிருள்ள எலி பாம்பையே கடித்துக் குதறிவிடும், அதனால் உறைய வைத்த எலியை இளக்கி, லேசாகச் சூடாக்கிக் கொடுக்க வேண்டும். தின்றபின் ரெண்டு நாள் தொடக்கூடாது, கக்கிவிடும். இந்த இனம் வாரக்கணக்கில் பட்டினி கிடப்பது புதுசில்லை. வாராவாரம் எடை போட்டுப் பார்க்கணும், எடை நின்றால் பயமில்லை. எடை இறங்கினாலோ, வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ, வாயில் நுரை தெரிந்தாலோ உடனே வரணும்.

அவன் பாம்புக்கு எடை இறங்கவில்லை. பெட்டி வேறு அறைக்குப் போனது. மாப்ள கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். அதுதான் அவனுக்குப் பெரிய கஷ்டமாம்.

பொங்கல் கழிந்து ஒரு போட்டோ வந்தது. கண்ணோடு சேர்த்து முழுசாக உரித்த சட்டை. மூணாம் நாள் இரை எடுத்தது என்று இன்னொன்று. என் வீட்டுக்காரம்மா பார்த்துவிட்டு, "பிள்ளை பெத்தவன் மாதிரி பேசுறான்" என்றாள்.

அறுவடை முடிந்து புதுப்போர் போட்டிருக்கிறேன். காலையில் மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கப் போகும்போதெல்லாம் பார்க்கிறேன். இன்னும் சாரை வரவில்லை.