விஸ்வநத்தம் வெயிலும் ஒரு விரிசலும்

சிவகாசியிலிருந்து விஸ்வநத்தம் செல்பவர், நகரம் எங்கே முடிந்தது, கிராமம் எங்கே தொடங்கியது என்று எளிதில் அறிய இயலாது. அச்சகமும் தீப்பெட்டி ஆலையும் பட்டாசுக் கிடங்குமாக வழி நீளும். 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று கற்றுவந்த தீப்பெட்டித் தொழில் இப்பக்கம் வேரூன்ற, மழை குறைந்த வறண்ட வெயிலே பெருந்துணையாயிற்று. அவ்வெயிலின் மற்றொரு குணத்தை நாம் சென்ற கோடையில் அறிந்தோம்.

ஜல்லி லாரியொன்றின் சக்கரத்திலிருந்து தெறித்த கல், நமது காரின் முன்கண்ணாடியில் மிளகளவு காயம் செய்தது. பங்குப் பணத்தில் ஓடும் வண்டி. இச்சிறு காயத்துக்குச் செலவு எதற்கு என்று விட்டுவிட்டோம். சிக்கனம் என்று அதற்குப் பெயரும் இட்டுக்கொண்டோம்! ஒரு நண்பகல், வெயிலில் காய்ந்து நின்ற வண்டியில் ஏறிக் குளிர்சாதனத்தை முடுக்கியதும் 'டிக்' என்றொரு ஒலி. காயத்திலிருந்து ஒரு சாண் நீளக் கோடு ஓட்டுநர் பக்கமாக ஓடியிருந்தது. அப்போதும் ஒரு வாரம் கடத்தினோம்.

மேற்கு நோக்கி வந்த ஒரு மாலையில் கதிரொளி அக்கோட்டில் பட்டுச் சிதறிற்று. ஆலை விட்டுத் தூக்குவாளியோடு வந்த பெண்கள் ஒரு கணம் நம் கண்ணுக்குத் தெரியவே இல்லை. பிரேக் பிடித்தபோது, முன்னே வந்த தாய்க்கும் வண்டிக்கும் இடையே இரண்டு முழம். "பாத்துப் போங்க சாமி" என்று மட்டும் சொல்லி அவர் நடந்தார்.

மறுநாள் காலையிலேயே கண்ணாடிக் கடையில் நின்றோம். முன்கண்ணாடி என்பது இரு கண்ணாடித் தகடுகளும் நடுவே ஒரு பிளாஸ்டிக் படலமும் சேர்ந்தது. 1903-ல் பிரெஞ்சு வேதியியலார் எடுவார் பெனெடிக்டஸ் கைதவறவிட்ட குடுவை உடைந்தும் சிதறவில்லை. உள்ளே காய்ந்திருந்த செல்லுலோஸ் நைட்ரேட் துண்டுகளைப் பிடித்துக்கொண்டிருந்தது. அப்பொருள் வெடிமருந்துக்கு உறவு என்பது சிவகாசிக்காரருக்குச் சுவையான செய்தி.

காயம் வெளித்தகட்டில் மட்டும் இருந்து, ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கி, ஓட்டுபவர் பார்வைக்கு நேரேயும் விளிம்பிலும் இல்லாவிடில் பழுது பார்க்கலாம். பிசினை உட்செலுத்திப் புறஊதா ஒளியில் இறுகச் செய்வர். மெல்லிய தழும்பு எஞ்சும். தூசியும் நீரும் புகுமுன் செய்ய வேண்டும். அதுவரை ஒளிபுகும் ஒட்டுநாடா ஒட்டிவைப்பது நலம். "அன்றே வந்திருந்தால் அரைமணி வேலை" என்றார் கடைக்காரர். நமக்கு இனி மாற்றுவதே வழி. முழுக் காப்பீட்டில் கண்ணாடிக்குத் தேய்மானம் கழிப்பதில்லை. ஆயினும், தனிப் பாதுகாப்பு எடுக்காதவர் இழப்பீடு கோரினால் மறு ஆண்டின் சலுகைக் கழிவை இழப்பர். இரண்டையும் கணக்கிட்டே முடிவு செய்தோம்.

விபத்தில் கூரையைத் தாங்கவும், விரியும் காற்றுப்பைக்கு முட்டுக் கொடுக்கவும் உதவுவது இக்கண்ணாடியே. ஆகவே பசை இறுகும்வரை வண்டியை எடுக்க அவர் விடவில்லை. நாம் பேருந்தில் விஸ்வநத்தம் திரும்பினோம்.