சக்கரத்தின்மேல் ஒரு வீடு

மும்பையில் ஒற்றைப் படுக்கையறை வீட்டில் காலங்கழிக்கும் எங்களுக்குச் சக்கரத்தின்மேல் இன்னொரு வீடு எதற்கு என்று நண்பர்கள் நகைத்தனர். எழுபதைத் தாண்டிய தாயாரால் நெடுநேரம் அமர்ந்து பயணம் செய்ய இயலாது. ஆண்டுக்கொரு முறை ஊரைக் காணாவிடிலோ மனம் தரிக்காது.

வண்டியின் அமைப்பை இஷ்டம்போல் மாற்றுவதற்கு 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52-ஆம் பிரிவு, இடந்தராது. ஆகவே, கேரவனாகவே பதிவாகியிருந்த பழைய வேன் ஒன்றை வாங்கி, உட்புற மரவேலையை மட்டும் நானும் மகனும் மேற்கொண்டோம்.

18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் கட்டிலும் அலமாரியும் செய்தோம். பாரந்தாங்காமல் வண்டி பின்புறம் தாழ்ந்தது. அனைத்தையும் பிரித்து, அலுமினியச் சட்டத்தின்மேல் 9 மில்லிமீட்டர் பலகை பொருத்தினோம். போகட்டும், அது பணநஷ்டம்தான்.

அச்சத்தை விளைவித்தது அடுப்பு. சிலிண்டரைக் கட்டிலின்கீழ் வைத்து, கூரையருகே காற்றுத்துவாரம் அமைத்துப் பெருமிதங்கொண்டிருந்தேன். ஒருநாள் மாலை, படுத்துப் பார்த்த தாயார், “என்னடா, கீழே கேஸ் நெடி வீசுகிறதே!” என்றார். நின்றிருந்த எனக்கு ஒன்றும் புலப்படவில்லை. சமையல் வாயு காற்றைவிட 1.5 முதல் 2 மடங்கு கனமுள்ளது, தரையில்தான் தேங்கும். கூரையில் துவாரம் வைத்து என்ன பயன்? விளக்கின் சுவிட்சைத் தொடாமலே அவரைக் கைத்தாங்கலாக வெளியே இறக்கினேன்.

இப்பொழுது சிலிண்டருக்கு, உட்புறம் இடைவெளியின்றி அடைத்த தனிப்பெட்டி. அதன் அடித்தட்டில் வண்டிக்கு வெளியே திறக்கும் துவாரம். ஆயினும், உள்ளே அடுப்பு மூட்டத் தாயார் சம்மதிப்பதில்லை. புளியஞ்சோறும் தயிர்ச்சோறும் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு ஏறுகிறார்.