மடக்குக் கட்டிலும் அப்பத்தாவும்

உங்க வீட்டு ஹால் எத்தனைக்கு எத்தனை? எங்களுது பத்துக்குப் பன்னெண்டு. மதுரையில வாடகை வீடு. அந்த ஹால்லதான் டிவி, பீரோ, தையல் மெஷின் எல்லாம். சாயங்காலம் அஞ்சரையிலிருந்து எட்டு வரைக்கும் அம்மாகிட்ட டியூஷன் படிக்கிற பிள்ளைங்க பதினாலு பேர் அங்கதான் உட்காருவாங்க. ராத்திரி பாயை விரிச்சா அதுவே படுக்கையறை. காலையில சுருட்டி மூலையில நிறுத்திடுவோம். இடத்தை மிச்சம் பிடிக்கிறதுல பாயை அடிச்சுக்க எதுவும் கிடையாது.

ஆனா அப்பத்தாவுக்கு முட்டி தேய்ஞ்சு போச்சு. இனிமே தரையில படுக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். ஊர்ல தனியா விடவும் முடியாது. ஹால்ல ஒரு கட்டில் போட்டா டியூஷன் நடக்காது, டியூஷன் நடக்கலன்னா என் ஹாஸ்டல் ஃபீஸ் நடக்காது. மூணாம் வருஷ மெக்கானிக்கல் பையனுக்கு இதைவிட நல்ல ப்ராஜெக்ட் வேற எங்க கிடைக்கும்? சுவத்தோட மடிச்சு நிறுத்துற கட்டில் செய்யறதுன்னு இறங்கிட்டேன்.

இதுக்கு மர்ஃபி பெட்னு பேர். சான் ஃப்ரான்சிஸ்கோவுல ஒரே அறையில குடியிருந்த வில்லியம் மர்ஃபி, ஒரு ஆப்பரா பாடகியைக் காதலிச்சாராம். கட்டில் கிடக்கிற அறைக்கு ஒரு பொண்ணைக் கூப்பிடறது அந்தக் காலத்துல மரியாதை இல்லையாம், அதனால கட்டிலையே மறைச்சுட்டார்னு கதை சொல்வாங்க. 1916ல வந்த ‘ஒன் ஏ.எம்.’ படத்துல சாப்ளின் குடிச்சுட்டு வந்து இந்த மாதிரி ஒரு கட்டிலோட சண்டை போடுவார், பாருங்க. எனக்கு மர்ஃபியைவிட சாரா குட்டைத்தான் பிடிச்சது. கறுப்பினப் பெண். பின்னாடி சிகாகோவுல ஃபர்னிச்சர் கடை வச்சிருந்தாங்க. மடிச்சா எழுதுற மேசையா மாறுற கட்டிலுக்கு 1885லயே பேட்டண்ட் வாங்கிட்டாங்க.

சரி, நம்ம கணக்குக்கு வருவோம். மெத்தையோட சேர்த்து கட்டில் 40 கிலோ. அகலம் 90 செ.மீ. நீளவாக்குல கீல் போட்டா எடை நிக்கிற இடம் கீலிலிருந்து 45 செ.மீ. தள்ளி. டார்க் கிட்டத்தட்ட 176 நியூட்டன் மீட்டர். கையால தூக்கினா ஓரத்துல 20 கிலோ பாரம். அப்பத்தாவால முடியுமா? அதனால கார் டிக்கியில இருக்குமே கேஸ் ஸ்பிரிங், அதுல ரெண்டு, 800 நியூட்டன்ல வாங்கினேன். கீலிலிருந்து 12 செ.மீ.ல மாட்டினா ரெண்டும் சேர்ந்து 192 வரும். ‘கொஞ்சம் கூடவே இருக்கட்டும்’னு நினைச்சது தப்பாப் போச்சு. மெத்தை போடாம சோதிச்சோம். கட்டில் கீழயே வரல. ஆசாரி அண்ணன் அதைப் பிடிச்சுத் தொங்கினார், அப்பவும் கையை விட்டதும் மேல போயிடுச்சு. "தம்பி, இது கட்டிலா ரயில்வே கேட்டா?"ன்னு கேட்டார். கடையில 700க்கு மாத்தினப்புறம், மெத்தையோட ஒரு கிலோ தூக்குற பலம் போதும்னு ஆச்சு.

வீட்டு ஓனர் தனிக்கதை. காலண்டர் மாட்டவே ஆணி அடிக்கக் கூடாதுன்னவர்கிட்ட எட்டு ஆங்கர் போல்ட்டுக்கு அனுமதி வாங்கணும். காலி பண்ணும்போது அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்கன்னு அம்மா பேசி முடிச்சாங்க. சின்ன வீட்டுக்குன்னு கண்டுபிடிச்ச சாமானுக்குச் சொந்தச் சுவர் வேணும்ங்கிறது எந்த வீடியோலயும் சொல்லல.

தெருவே வந்து பார்த்துச்சு. அப்பத்தா ஒரு கையால தூக்கிக் காட்டினப்போ எனக்கு இருந்த பெருமை இருக்கே! அடுத்த நாள் ஹாஸ்டலுக்குத் திரும்பிட்டேன்.

ஒரு மாசம் கழிச்சு, சொல்லாம கொள்ளாம ஒரு புதன்கிழமை மத்தியானம் வீட்டுக்குப் போனேன். கட்டில் மேல மடிச்சு, கொக்கி போட்டு அழகா நிக்குது. ஹால் முழுக்கக் காலி. அதுல ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதுல அப்பத்தா. தலை தொங்கிப் போய்த் தூங்கிட்டிருக்காங்க. வாய் ஓரத்துல எச்சில். கால் ரெண்டும் வீங்கியிருக்கு.

"ஏன் அப்பத்தா, இறக்கிப் படுக்க வேண்டியதுதானே?"

"இருக்கட்டும்யா. நீ சிரமப்பட்டு இடம் பண்ணிக் குடுத்திருக்க. நான் அதை அடைச்சுக்கிட்டுக் கிடந்தா நல்லாவா இருக்கும்?"

காலையில ஆறு மணிக்கு எந்திரிச்சு மடிச்சா, ராத்திரி ஒன்பதுக்குத்தான் இறக்குவாங்களாம். நடுவுல எல்லாம் நாற்காலிதான். அம்மா ரெண்டு மூணு தடவை சொல்லிப் பார்த்திருக்காங்க. கேக்கல. ஹாலை நான் மில்லிமீட்டர் கணக்குல அளந்தேன். ‘பகல்ல எப்போ படுப்பீங்க’ன்னு ஒரு வார்த்தை அவங்ககிட்ட கேக்கல. எழுபத்தஞ்சு வயசு முட்டி பகல்ல நீட்டிப் படுக்காதா என்ன?

அன்னைக்கே கொக்கியைக் கழட்டிக் கட்டிலை இறக்கினேன். அப்பத்தா ஒத்துக்கல. ஒரு மணி நேரம் வாக்குவாதம். கடைசியில டியூஷன் நேரத்துக்கு மட்டும் மடிக்கிறதுன்னு பேச்சு முடிஞ்சுது.

இப்போ அஞ்சேகாலுக்கு அப்பத்தாவே தூக்கி மேல அனுப்புவாங்க. அந்த நாற்காலியில உட்கார்ந்து, வாய்ப்பாடு சொல்லாத பிள்ளைங்களை மிரட்டுவாங்க. எட்டு மணிக்குக் கடைசிப் பிள்ளை செருப்பு மாட்டறதுக்குள்ள கட்டில் கீழ வந்திருக்கும்.