நுண்ணுயிரின் மதில்

பிசைந்து வைத்த ரொட்டி மாவு சிறிது நேரத்தில் உப்பி எழுகிறது. அதனை எழச் செய்வது ஈஸ்டு என்னும் நுண்ணுயிர். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஏறக்குறைய 200 ஈஸ்டு உயிரணுக்களை வரிசையாக நிறுத்தலாம். அத்துணைச் சிறிய உயிருக்கும் ஒரு மதில் உண்டு.

அம்மதில் வீண் அணியன்று. அணுவினுள் உப்பும் சர்க்கரையும் செறிந்திருத்தலால், புறத்தேயுள்ள நீர் ஓயாது உட்புக முயல்கிறது. மதில் இல்லையேல் அணு வீங்கி வெடித்துவிடும். குளுக்கன் என்னும் இழைகளே அம்மதிலின் வலிமை. அவற்றின் மேல் சர்க்கரை சேர்ந்த புரதங்கள் போர்வைபோல் படிந்துள்ளன. நண்டின் ஓட்டில் உள்ள கைட்டினும் அதில் சிறிதளவு உண்டு.

காக்கும் மதிலே வளர்ச்சிக்குத் தடையுமாகும் அன்றோ? சேய் வெளிவர வேண்டுமெனில் மதில் ஓரிடத்தில் நெகிழ வேண்டும். மிகுதியாக நெகிழ்ந்தால் தாய் மடியும். நெகிழாவிடில் சேய் பிறவாது. ஆகவே, பழைய இழைகளை நொதிகள் தளர்த்தும்பொழுதே, புதிய இழைகளும் அங்கே நெய்யப்படுகின்றன. மதில் அளவுக்கு மீறி விரிந்தால், அதனை உணர்ந்து பழுதுபார்ப்பை முடுக்கிவிடும் புரதங்களும் உள்ளன.

முதலில் அரும்பு தோன்றும் இடத்தில் கைட்டின் வளையம் ஒன்று அமைகிறது. அதன் நடுவே சிறு மொட்டுப் புடைத்து வளர்கிறது. உட்கரு இரண்டாகப் பகுந்து, ஒன்று குறுகிய கழுத்தின் வழியே சேயை அடைகிறது. பின்னர்க் கழுத்தின் குறுக்கே கைட்டின் தடுப்பு எழுகிறது. அதன் இருபுறமும் குளுக்கன் சுவர்கள் படிகின்றன. இறுதியில், சேயின் பக்கத்திலிருந்து சுரக்கும் நொதி தடுப்பைக் கரைக்க, இரண்டும் பிரிகின்றன. நல்லுணவு கிடைப்பின், இவையனைத்தும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

பிரிந்த இடத்தில் தாயின் மதிலில் ஒரு வடு நிலைத்துவிடுகிறது. வடுக்களை எண்ணினால் அது ஈன்ற சேய்களின் தொகையை அறியலாம். தாயணு முடிவின்றி ஈனுவதில்லை என்பதை 1959ஆம் ஆண்டில் மார்ட்டிமர், ஜான்ஸ்டன் என்னும் அறிஞர் இருவர் காட்டினர். ஏறக்குறைய 20 அல்லது 30 முறை ஈன்றபின் தாய் முதுமையுற்று ஓய்கிறது. சேயோ பெரும்பாலும் புத்திளமையுடன் வாழ்வைத் தொடங்குகிறது.

இவ்வறிவு மருத்துவத்திற்கும் துணைபுரிந்துள்ளது. ஈஸ்டு இனத்துள் கேண்டிடா போன்றவை நோயாளிகளின் குருதியிற் கலந்து உயிருக்கே தீங்கு விளைப்பதுண்டு. மனித உயிரணுவுக்கு மதில் இல்லை. ஆதலின், குளுக்கன் நெய்தலைத் தடுக்கும் மருந்து பகையை மட்டும் தாக்கும். காஸ்போஃபஞ்சின் என்னும் அத்தகைய மருந்து 2001ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

காவலைக் கைவிடாமலே வளர்ச்சிக்கு வழிவிடுவது எளிதன்று. கண்ணுக்குப் புலப்படாத சிற்றுயிர் அதனை ஒவ்வொரு பிறப்பிலும் செய்து காட்டுகிறது.