மாலத்தீவுக்கு முன் பெட்டியைப் பாருங்கள்
பெங்களூரிலிருந்து சுமார் இரண்டு மணி நேரப் பறப்பில் மாலே. 2019 முதல் இந்தியச் சுற்றுலாப் பயணிகள் 90 நாள்வரை விசா இல்லாமல் தங்கலாம். பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இணையத்தில் வருகைப் படிவம் நிரப்பினால் போதும்.

சிக்கல் பெட்டியில்தான். வழிபாட்டுச் சிலைகளுக்கு அனுமதியில்லை. கையடக்கப் பிள்ளையார்கூட வீட்டில் இருக்கட்டும். விமான நிலையத்தில் வாங்கிய மதுப்புட்டி அங்கே சுங்கத்தில் தங்கிவிடும். மது ரிசார்ட் தீவுகளில் உண்டு; மக்கள் வசிக்கும் தீவுகளில் கிடையாது. 2009க்குப் பிறகு அத்தீவுகளிலும் மலிவான விடுதிகள் முளைத்துள்ளன. ஆனால் நீச்சலுடை, அதற்கென ஒதுக்கிய கடற்கரையில் மட்டுமே. வெள்ளி நண்பகல் கடைகள் மூடியிருக்கும். சைவர்கள் முன்பே சொல்லிவைப்பது நல்லது. மாசிக் கருவாட்டின் தேசம் அது.

தொலைதூர ரிசார்ட்டுகளுக்கான கடல் விமானங்கள் பகலில் மட்டுமே பறக்கும். மாலையில் இறங்கினால் மாலேயில் ஒரு இரவு வாடகை தண்டம்.