வயதான நாயின் சிறுநீர்க் கசிவும் கைவைத்தியமும்

வயதான நாய்க்குச் சிறுநீர் கசிவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, தன்னை அறியாமல் ஒழுகுவது. நாய் அயர்ந்து தூங்கும். எழுந்து போன பிறகு பார்த்தால் படுத்திருந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் இருக்கும். இன்னொன்று, உணர்வு இருந்தும் அடக்க முடியாமல் போவது. நாய் வாசலை நோக்கி நடக்கும். போய்ச் சேர்வதற்குள் நடையிலேயே விட்டுவிடும். கொங்கு நாட்டின் தறி ஊரான சோமனூர்ப் பக்கம் இரண்டுக்கும் சேர்த்துப் "படுத்த எடத்துலயே போயிருதுங்க" என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிடுகிறார்கள். எது எந்த வகை என்று பிரித்துப் பார்ப்பதில்தான் வைத்தியமே தொடங்குகிறது.

தூக்கத்தில் ஒழுகுவது பெரும்பாலும் கருத்தடை செய்த பெண் நாய்களுக்கு வருவது. கருப்பை, சூலகம் நீக்கப்பட்ட பிறகு ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைகிறது. சிறுநீர்ப்பையின் வாயை இறுக்கிப் பிடிக்கும் தசை அதனால் மெல்ல மெல்லத் தளர்ந்துபோகிறது. அறுவை முடிந்து சில மாதங்களிலும் வரலாம், பல ஆண்டுகள் கழித்தும் வரலாம். 20 கிலோவுக்கு மேல் எடையுள்ள நாய்களுக்கு வாய்ப்பு கூடுதல். உடம்பு பெருத்திருந்தால் இன்னும் கூடுதல். வீட்டுக்குள்ளேயே வளர்ந்து கொழுத்த லாப்ரடார் பெண் நாய் இதற்கு நல்ல உதாரணம். இதற்காகக் கருத்தடையே தவறு என்று முடிவு கட்டக் கூடாது. கருப்பையில் சீழ் பிடித்து வயதான பெண் நாய்கள் சாவதைத் தடுப்பது அந்த அறுவைதான்.

மற்ற காரணங்கள் வேறு வேறு உறுப்புகளில் இருக்கின்றன. சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, அட்ரினல் சுரப்பி மிகையாக வேலை செய்வது ஆகியவற்றில் நாய் நிறையத் தண்ணீர் குடித்து நிறையச் சிறுநீர் கழிக்கும். தாங்க முடியாமல் வழியில் சிந்தும். கிருமித் தொற்று இருந்தால் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகப் போகும், முக்கும், சில சமயம் இரத்தம் கலந்து வரும். முதுகுத்தண்டில் அடி அல்லது தேய்மானம் இருந்தால் பின்னங்கால்களும் தள்ளாடும். மூட்டு வலியுள்ள நாய் எழுந்திருக்கவே யோசித்து, படுத்தபடி விட்டுவிடும். முதுமையில் நினைவு மங்கிய நாய்க்கு எங்கே போக வேண்டும் என்பதே மறந்துபோகும். இத்தனைக்கும் ஒரே மருந்து இருக்க முடியாது.

மருத்துவரிடம் போகுமுன் வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள் உண்டு. காலையில் ஒரு பாத்திரத்தில் தண்ணீரை அளந்து ஊற்றி, மறுநாள் காலை மிச்சத்தை அளந்தால் ஒரு நாள் குடிப்பு தெரிந்துவிடும். கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல் போனால், அதாவது 10 கிலோ நாய் ஒரு லிட்டருக்கு மேல் குடித்தால், அது நோய்க்குறி. சிறுநீர் விழுந்த இடத்தில் எறும்பு மொய்க்கிறதா என்று பார்ப்பது கிராமத்துப் பழக்கம். சர்க்கரை இருக்கலாம் என்பதற்கு அது நல்ல துப்பு. நாய் குந்தும்போது நீண்ட கைப்பிடியுள்ள சுத்தமான கரண்டியை நீட்டி, விடியற்காலைச் சிறுநீரைப் பிடித்துச் சுத்தமான புட்டியில் ஊற்றி இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் கொடுத்தால், அதன் அடர்த்தி, சர்க்கரை, புரதம், இரத்தம் எல்லாம் சிறிது நேரத்தில் தெரிந்துவிடும். இந்தப் புட்டி இல்லாமல் மருந்து பேசுவது வெறும் யூகம்.

இனி மூலிகைகள். கொங்கு நாட்டில் சிறுநீர்க் கோளாறு என்றதும் கை தானாகப் போவது சிறுகண்பீளைக்கு. பொங்கலுக்கு முந்தைய நாள் வேப்பிலை, ஆவாரம்பூவோடு சேர்த்துக் காப்புக் கட்டும் பூளைப்பூவும் அதுதான். தரிசுக் காட்டிலும் வரப்பிலும் தானாக முளைப்பது. அடுத்து நெருஞ்சில், நீர்முள்ளி, வாழைத்தண்டுச் சாறு. மனிதருக்குக் கல்லடைப்பு, நீர்க்கடுப்பு என்றால் இவற்றைக் கொடுப்பது தலைமுறை தலைமுறையாக வருகிற வழக்கம். அந்த வழக்கத்தைக் குறை சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இவை அனைத்தும் நீரை இறக்குபவை, நீர்பெருக்கிகள். ஒழுகும் நாய்க்கு வேண்டியது நேர் எதிரானது: பையின் வாய் இறுக வேண்டும். தசை தளர்ந்த நாய்க்கு நெருஞ்சில் கஷாயம் ஊற்றினால், இரவில் கூடுதலாக ஒரு சாக்கு நனையும், அவ்வளவுதான். சிறுநீரகம் பழுதான நாயாக இருந்தால் உடம்பு நீர் வற்றிப்போகும். நல்ல மருந்தைத் தவறான நோய்க்குக் கொடுப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய பிழை.

வெளிநாடுகளில் நாய்களுக்கு விற்கும் இயற்கைப் பொருள்களில் முக்கியமானது மக்காச்சோளக் கதிரின் நுனியில் தொங்கும் நார். பல்லடம், உடுமலைப் பக்கம் கோழித்தீவனத்துக்காக மக்காச்சோளம் விளைவதால் இங்கே அதற்குப் பஞ்சமில்லை. எரிச்சலை ஆற்றும் என்பது பழைய நம்பிக்கை. ஆனால் அதுவும் நீரை இறக்குவதே. அரசாணிக்காய் (பூசணி) விதை அடுத்தது. அதன் எண்ணெய் மனிதரின் சிறுநீர் அவசரத்தைக் குறைப்பதாகச் சில ஆய்வுகள் உண்டு. நாய்களில் அப்படி நிறுவப்படவில்லை. உப்பில்லாமல் வறுத்துப் பொடித்த விதையை அரைக் கரண்டி சோற்றில் கலந்தால் கெடுதல் இல்லை. பெரிய எதிர்பார்ப்பும் வேண்டாம்.

தமிழ்நாட்டில் மூலிகைக் கால்நடை மருத்துவம் வெறும் பாட்டி வைத்தியமாக நின்றுவிடவில்லை. 1989-இல் தொடங்கிய தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் அதைத் தொகுத்துப் பயிற்சியும் கொடுத்திருக்கிறது. மடிநோய்க்குச் சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைத்துப் பூசும் முறை பால்பண்ணைகளில் பரவலாகத் தெரிந்த ஒன்று. ஆனால் அந்த அறிவின் பெரும்பகுதி மாட்டுக்கும் ஆட்டுக்கும் உரியது. 350 கிலோ மாட்டுக்குச் சொன்ன அளவை 12 கிலோ நாய்க்குக் குத்துமதிப்பாகக் குறைத்துக் கொடுக்க முடியாது. வயிறும் வேறு, ஈரலும் வேறு. அதே கற்றாழையின் மஞ்சள் பாலை நாய் நக்கினாலே பேதி ஆகும்.

சமையலறையிலிருந்து நாய்க்குப் போகக் கூடாதவையும் உண்டு. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். பூண்டு ரசம் மருந்து என்று ஊற்றுவது ஆபத்து. திராட்சையும் காய்ந்த திராட்சையும் சிறுநீரகத்தை அழிக்கும். வீட்டுப் பெரியவர்களின் மூட்டுவலி மாத்திரையைப் பாதி உடைத்துக் கொடுப்பது வயிற்றில் புண்ணையும் சிறுநீரகச் சேதத்தையும் உண்டாக்கும். எல்லாவற்றையும்விடக் கொடிய கைவைத்தியம், ஒழுகுகிறதே என்று தண்ணீர்ப் பாத்திரத்தை எடுத்து வைப்பது. நிறையச் சிறுநீர் போவதால்தான் நாய் நிறையக் குடிக்கிறது. குடிப்பதை நிறுத்தினால் சிறுநீர் நிற்காது, நாய்தான் விழும்.

உண்மையில் பலன் தரும் இயற்கை வைத்தியம் பராமரிப்பில் இருக்கிறது. பெருத்த நாயின் எடையைக் குறைத்தாலே சிலவற்றுக்குக் கசிவு குறைகிறது. காலையில் கண் விழித்ததும், சாப்பிட்டதும், படுக்கப் போகுமுன், இடையில் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே விட வேண்டும். தறிக்குடோன் வாசலில் சங்கிலியில் கிடக்கும் நாய் ஒரு ஷிப்ட் முழுவதும் அடக்கிக்கொண்டிருக்கும். வயதான பிறகு அப்படி அடக்க அதனால் முடியாது. இடையில் ஒருவர் அவிழ்த்துவிட்டுக் கட்டுவது எந்தக் கஷாயத்தையும்விட மேல். வழுக்கும் டைல்ஸ் தரையில் சாக்கு விரித்தால் மூட்டுவலி நாய் தானாக எழுந்து போகும்.

படுக்கைக்குச் சோமனூரில் பொருள் தேட வேண்டியதில்லை. கீழே பழைய தார்ப்பாய், அதன்மேல் திருப்பூர் பனியன் வேஸ்ட் ஒரு கனம், மேலே துவைத்து மென்மையான காடாத்துணி. ஈரத்தைப் பனியன் துணி கீழே இழுத்துக்கொள்ளும், மேல்துணியைத் தினமும் மாற்றலாம். சிறுநீரிலேயே கிடக்கும் தோல் அடித்தொடையில் சிவந்து வெந்துபோகும். அங்கே முடியை ஒட்டக் கத்தரித்து, வெதுவெதுப்பான நீரில் கழுவி, துடைத்து உலர்த்தி, தேங்காயெண்ணெய் மெல்லியதாகத் தடவ வேண்டும். கவனிக்காத புண்ணில் ஈ மொய்த்து இரண்டே நாளில் புழு வைத்துவிடும். தரையைக் கழுவும்போது சிறுநீர் மேல் நேராக பிளீச்சிங் பவுடர் கொட்டக் கூடாது. சிறுநீரின் அம்மோனியாவோடு சேர்ந்து மூச்சடைக்கும் நச்சுப்புகை வரும். முதலில் நிறையத் தண்ணீர் விட்டு அலச வேண்டும். எலிக்காய்ச்சல் நாயின் சிறுநீர் வழியாக மனிதருக்குத் தொற்றக்கூடியது. கையில் வெட்டுக்காயம் இருப்பவர் உறை போட்டுக்கொள்வது நல்லது.

தசைத் தளர்ச்சிக்கு மருந்து இல்லாமல் இல்லை. சிறுநீர்த்தாரையின் தசையை இறுக்கும் பீனைல்புரோபனோலமைன் பல ஆண்டுகளாகப் பயனில் இருக்கிறது. இரத்த அழுத்தத்தை ஏற்றும் என்பதால் இதயமோ சிறுநீரகமோ சரியில்லாத நாய்க்கு எச்சரிக்கை தேவை. ஈஸ்ட்ரோஜன் வகையான ஈஸ்ட்ரியோல் மாத்திரைக்கு 2011-இல் அமெரிக்கா ஒப்புதல் கொடுத்தது. இவற்றால் பெரும்பாலான பெண் நாய்கள் மீண்டும் காய்ந்த படுக்கையில் தூங்குகின்றன. இயற்கை வைத்தியத்தின் மேல் பற்றுள்ளவர்களும் இதை மறுக்காமல் இருப்பது நாய்க்குச் செய்யும் நன்மை. தெரியாமல் நனைத்த நாயை அதட்டுவதிலோ, மூக்கைத் தேய்ப்பதிலோ ஒரு பயனும் இல்லை.

ஒரே ஒரு நிலையில் கைவைத்தியத்துக்கு நேரமே கிடையாது. நாய் முக்கிக்கொண்டே இருந்து, சொட்டுச் சொட்டாக மட்டும் விழுந்து, அடிவயிறு பந்துபோல் இறுகியிருந்தால் அது கசிவு அல்ல, அடைப்பு. பை நிரம்பி வழிகிறது. ஆண் நாய்களுக்குக் கல் சிக்கி இப்படி வரும். வாழைத்தண்டுச் சாறு அதைக் கரைக்காது. ஓரிரு நாளில் உயிர் போய்விடும். அந்த நாயை அன்றே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.