சிறு முள்

நாம் ஆங்கிலப் பள்ளியிற் படித்த கிராணியல்லவா! பட்டணத்தில் வாங்கிய தடித்த கோலும் பெரிய முள்ளுமாகச் செம்பனைத் தோட்டத்து வாய்க்காலுக்குச் சென்றோம். மழையற்ற மாதம், நீர் முழங்காலளவு, அதுவும் வெந்நீர் போன்றது. எனினும் செப்பாட்டு மீனும் பனையேறிக் கெண்டையும் மேலெழுந்து காற்றையே சுவாசிக்கும் இனமாதலின், அங்கே மீனுக்குக் குறைவில்லை. குறைவெல்லாம் நம் கூடையில்தான். செப்பாட்டின் வாய் மிகச் சிறிது. இரையை அரித்துத் தின்றுவிட்டு முள்ளைத் தீண்டாமற் போய்விடும்.

களையெடுக்கும் பெரியவரொருவர், "ஐயா, முள்ளு பெரிசுங்க" என்று சொல்லித் தம் தூண்டிலை நீட்டினார். மூங்கிற் குச்சி, மெல்லிய நரம்பு, ரப்பர்ச் செருப்பில் அறுத்த தக்கை, நகத்தளவு மண்புழு. அரைமணியில் ஏழு மீன்!

சென்ற வாரம் தாமதித்து வந்தாரென்று அவருடைய அரைநாட் கூலியைப் பிடித்தெழுதியது நமது கையே. அதனை அவரும் அறிவார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தோம். ஆங்கிலமும் உதவவில்லை, தமிழும் வரவில்லை. பெரியவர் அடுத்த புழுவைக் கிள்ளிக்கொண்டிருந்தார்.